கதவுப் பக்கம்

ஒன்பது சீசன் எனக்குக் கதவைத் திறந்துவிட்டவன்
தார்மோ வென்ஹோ.
இரண்டாம் கோல்கீப்பருக்கு அதுதான் உத்தியோகம்.
முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை
மூச்சிரைக்க நாங்கள் இருவர் உள்ளே விழுவோம்,
இருவர் வெளியே பாய்வார்கள்.
இடையில் அவன் கை, தாழ்ப்பாளில்.
ஒருநாளும் பிந்தியதில்லை.

முழுக் கவசம் கட்டி, தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பான்,
கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு
பந்திக்கு அழைக்கப்படாதவன் மாதிரி.
தாழ்ப்பாளைப் பார்க்க டிக்கெட் எதற்கு என்பாள்
அவன் மனைவி ஸிர்க்கு.

பயிற்சி என்றால் வேறு கதை.
கெமியில் டிசம்பர் சூரியன்
தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போகும்.
அதற்கு முன்பே அவன் பனியில் நிற்பான்.
ஐவார்ஸுக்கு ஓய்வு வேண்டும், லாத்வியாக்காரன், முதல் ஆள், சம்பளம் மூன்று மடங்கு.
எனவே எங்கள் எல்லோருடைய அடியும் தார்மோவுக்கு.
முந்நூறு, நானூறு. யாரும் எண்ணியதில்லை.
குளியலறையில் அவன் தோளெலும்பு
நாவல்பழ நிறத்தில் இருக்கும்.

கையில் இருப்பதும் கோல்.
காக்க வேண்டியதும் கோல்.
நடுவில் ஒரு மனிதன் குந்தி எழுந்து, குந்தி எழுந்து
இடுப்புக் கிண்ணம் தேய்ந்துபோனான்.

இலவு காத்த கிளி என்பார்கள்.
காய்க்குள் பஞ்சு என்று கிளிக்குத் தெரியாது.
இவனுக்குத் தெரியும்.

மிக்கெலியில் ஒரு பிப்ரவரி இரவு.
ஆளுக்கு ஒரு கோல். முதல் பகுதியில் ஒரு நிமிடம் மிச்சம்.
ஐவார்ஸ் காலை அகட்டினான், மூடவில்லை.
அவன் அலறியது பார்வையாளர் கடைசி வரிசைக்கும் கேட்டது.

அன்று தார்மோ கதவைத் தனக்குத் திறந்தான்.

சில்லிட்ட உடம்பு. வாசலில் போய் நின்று
பனியைக் கத்தியால் இப்படியும் அப்படியும் கீறி
இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலதில் ஒரு தட்டு.
பிறகு நாற்பத்தோரு நிமிடம்.
முகமூடியில் பட்டு எகிறியது ஒன்று.
கையுறையில் பிடித்தது ஒன்று, அதைப் பிடித்தது
அவனுக்கே ஆச்சரியம் என்று நினைக்கிறேன்.
பதினெட்டு.

பத்தொன்பதாவது தூரத்திலிருந்து வந்தது.
அவனுக்கு எளிது. நேராக நெஞ்சுக்கு.
நான் காலை நீட்டினேன்.
ஸ்கேட்டின் விளிம்பில் பட்டு
ரப்பர் வில்லை திசை மாறிப் போனது.
வலைமேல் வைத்த தண்ணீர்க் குப்பி குதித்தது.
சிவப்பு விளக்கு.

தினசரிக்காரன் மைக்கை நீட்டினான்.
“மறைத்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை” என்றான் தார்மோ.
அவன் பார்க்காத ஒன்று அந்தப் பனியில் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்ப ஏழு மணி நேரம்.
பேருந்தில் எல்லாரும் தூங்கியபின்
உப்பு அதிமதுர மிட்டாய் டப்பாவை என் பக்கம் நீட்டினான்.
“நீ காலை நீட்டாமல் இருந்திருந்தால்தான்
கோபப்பட்டிருப்பேன்.”
எனக்கு அந்த மிட்டாய் பிடிக்காது. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்துக்குள் நிர்வாகம்
ஸ்வீடனிலிருந்து ஒருவனை வாங்கிவிட்டது.
தார்மோ கதவுக்குத் திரும்பினான்.
போன வாரமே கிறீச்சிட்டது என்று சொல்லி
கீலுக்கு எண்ணெய் விட்டான்.

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
நாற்பத்தோரு நிமிடம், ஒரு கோல்.
என் பெயருக்கு நேரே அந்தக் கோல் இல்லை.
அப்படி ஒரு கட்டமே கிடையாது.

போன ஜனவரியில் அவனைப் பார்த்தேன்.
சுகாதார நிலையத்துத் தானியங்கிக் கதவு
குளிரில் விறைத்து நின்றுவிட்டது.
இரண்டு இடுப்பும் டைட்டானியம், கையில் ஊன்றுகோல்,
தோளால் கதவைத் தாங்கி நிற்கிறான்.
தள்ளுவண்டிக் குழந்தை போனது,
அதன் தாய், இருமிக்கொண்டே ஒரு கிழவர்,
தபால்காரி.
யாரும் நன்றி சொல்லவில்லை, அவன் எதிர்பார்த்ததாகவும் இல்லை.

என்னைக் கண்டதும் ஊன்றுகோலைத் தூக்கி
நிலையில் இடப்பக்கம் ஒரு தட்டு,
வலப்பக்கம் ஒரு தட்டு.

ஏதாவது சொல்லலாம் என்று நின்றேன்.
“உள்ளே போடா,” என்றான், “குளிர் ஏறுகிறது.”